பூசணிக்காய் எங்கை ஓடப்போகுது?

1. பைப்படி

விவசாயப் போதனாசிரியையாக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பின்னேரம் அலுவலகத்துப் பின் வளவில் வைத்து எல்லாரும் என் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கே ஒரு தண்ணீர்ப் பைப் இருந்தது. தோட்டங்களுக்குப் போய் வருகிறவர்கள் அதில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வலிகாமத்துச் செம்மண் கழுவுண்டு கழுவுண்டு, பைப்புக்குக் கீழே இருந்த சீமெந்து நிரந்தரமாகச் சிவந்துபோய்க் கிடந்தது. பகல் முழுவதும் கோப்புகளோடு இருந்த நான், மற்றவர்கள் போகிறார்களே என்று நானும் போய்க் காலை நீட்டினேன்.

“மிஸ் என்ன, மேசைக்குக் கீழையோ வெங்காயம் நட்டனீங்கள்?” என்று கேட்டார் கூட வேலை செய்த ஒருவர்.

கால் சுத்தமாக வருகிறவர்தான் அன்றைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அன்றைக்கு நான் ஊற்றினேன். அதற்குப் பிறகு ஊற்றுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். எங்கள் தேவாலயச் சபையில் பெண்பிள்ளை படித்தால் ரீச்சர், இல்லாவிட்டால் நேர்ஸ். நான் மண்ணுக்குள் இறங்கியதில் அம்மாவுக்குக் கடைசி வரை மனக்குறைதான். எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

எங்களுக்குள் இன்னொரு சட்டமும் இருந்தது. தோட்டத்தைப் பார்க்காமல் வைத்தியம் சொல்லக்கூடாது. சனம் சந்தையில் மறித்துக் கேட்கும், ஆராதனை முடிந்து வரும்போது கோயில் வாசலில் கேட்கும், போனில் கேட்கும். எல்லாவற்றுக்கும் “வந்து பாக்கிறன்” என்பதுதான் பதில். இலை மஞ்சளாவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். நின்ற இடத்தில் ஏதாவது சொல்லிவிட்டால் அவர்கள் அதை நம்பிச் செய்துவிடுவார்கள். அது நல்ல வழக்கம். போய்ப் பார்க்க விடுகிற மேலதிகாரி இருந்தால் மட்டும் நல்ல வழக்கம்.

இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சிலர் “உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ மிஸ்” என்று கேட்டார்கள். சந்தோசமான அனுபவம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடித்திருக்கலாம். என்னிடம் இருப்பது இதுதான்.

2. கட்டாரில் இருந்து வந்தவர்

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக எனக்குத் தந்த பிரிவு தென்மராட்சியில். அங்கேதான் தவராசாவைத் தெரியும். நாற்பது கடந்த மனிதர். கட்டாரில் கட்டட வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். வந்திறங்கிய அன்று அவருடைய சின்ன மகள் கதவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “அம்மா, ஆரோ மாமா வந்திருக்கிறார்” என்று சொன்னாளாம். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இனிப் போறேல்லை எண்டுதான் மிஸ் இருக்கிறன். ஆனா மனுசி சொல்லிப்போட்டா, ஒரு போகம் பாப்பம் எண்டு. இந்தப் போகம் சரிவந்தால் இஞ்சையே நிக்கலாம். வராட்டில் கொம்பனி திரும்பக் கூப்பிடுது, போகத்தான் வேணும்.”

மனைவி கலா அதைச் சொன்னது கோபத்தில் இல்லை. இரண்டு பிள்ளைகள், கட்டி முடியாத வீடு. அவரும் வேறென்ன சொல்வார்?

சுற்றிவர எல்லாரும் மிளகாயும் கத்தரியும் வைக்க, தவராசா மட்டும் பூசணி வைத்தார். யோசித்துத்தான் வைத்தார். தக்காளியைப் போல இரண்டு நாளில் நசிந்து போகாது, விலை இறங்கினால் கொட்டிலுக்குள் அடுக்கி வைத்துவிட்டு ஏறும் வரை பார்த்திருக்கலாம். கட்டடத்தில் மட்டம் பிடித்த கை என்பதால் குழிகள்கூட நூல் பிடித்ததுபோல் இருந்தன. ஒரு புல் இல்லை. கொடி ஓடத் தொடங்கியபோது நான் போய்ப் பார்த்தேன். எனக்கே புளுகமாக, அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

“கொடி திறம். பூக்கத் தொடங்கேக்கை ஒருக்கா வாறன்” என்றேன்.

“கட்டாயம் வாங்கோ மிஸ். எனக்கு உதிலை முன்னைப் பின்னைப் பழக்கமில்லை.”

பூக்கத் தொடங்கும்போது நான் போகவில்லை. போக விடவில்லை.

3. பகிடி மேடை

அந்த நேரம் எங்களுக்குப் புதுப் பணிப்பாளர் வந்திருந்தார். கொழும்பில் ஏதோ பயிற்சிப்பட்டறைக்குப் போய்விட்டு ஒரு யோசனையோடு திரும்பினார். யாழ்ப்பாணத்தில் பெரிய கண்காட்சி நடத்த வேண்டும். அதில் “ஃபன் கோர்னர்” என்று ஒரு மேடை. பழம், மரக்கறி பற்றிய வேடிக்கைத் தகவல்களை மைக்கில் சொல்லி, கேள்வி கேட்டு, பரிசு கொடுத்து, சனத்தைச் சிரிக்க வைக்க வேண்டும்.

“மிஸ்ஸுக்குத்தான் நல்ல வாய். நீங்கள்தான் உதைச் செய்யிறியள்” என்றார்.

தகவல்களில் பிழை ஒன்றும் இல்லை. எனக்கும் பிடித்தவைதான். வாழை மரமே இல்லை. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கிற மடல்கள்தான் அந்தத் தண்டு, உண்மையில் அது ஒரு பெரிய பூண்டு. மரமுந்திரிகையில் நாங்கள் பழம் என்று கடிக்கிறது வீங்கிப்போன காம்பு. காய் என்பது கீழே தொங்குகிற கொட்டைதான். மிளகாயின் உறைப்பு எங்களுக்கும் ஆடு மாட்டுக்கும்தான். பறவைகளுக்கு அது உறைக்கவே உறைக்காது. அன்னாசி ஒரு பழம் இல்லை, ஒட்டிக்கொண்ட பூக்களின் கூட்டம். பலாப்பழத்தில் சுளைக்குச் சுளை ஒவ்வொரு பூ. நடுவில் நாங்கள் பிய்த்து எறிகிற தும்பெல்லாம் காயாகாமல் போன பூக்கள். சொன்னால் எவரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: இதை எழுதி ஒட்டுவதற்கு ஒரு போதனாசிரியையை ஏன் தோட்டத்தில் இருந்து இழுக்க வேண்டும்?

இழுத்தார்கள். பூசணி பூக்கிற நாட்களில் நான் ரெஜிபோர்ம் என்கிற வெள்ளை நுரைப் பலகையில் வத்தகப்பழம் வெட்டி, வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமாக நிறம் அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது தவராசாவின் வட்சப் படம் வந்தது. மஞ்சள் பற்றிச் சுருண்ட சின்னப் பூசணிப் பிஞ்சுகள். சிலதில் ஊசியால் குத்தியதுபோல் அடையாளம். உடனே எடுத்துக் கதைத்தேன்.

“எல்லாப் பிஞ்சும் உப்பிடித்தான் மிஸ் கொட்டுது. பூச்சிதான் எண்டு மருந்துக்கடையிலை சொல்லுகினம்.”

“பழ ஈயாயும் இருக்கலாம், வேறையும் இருக்கலாம். கொடிக்கு என்ன செய்யிறனீங்கள்?”

“எல்லாம் முறையாத்தான் மிஸ். தண்ணி, பசளை, காலமை காலமை கொடி துப்புரவாக்கிறது. ஒரு குறையும் விடேல்லை.”

“நான் வந்து பாக்கிறன். அதுவரைக்கும் ஒண்டும் அடியாதேங்கோ.”

நேரே பணிப்பாளரின் அறைக்குப் போனேன். நாங்கள் மாறி வந்திருந்த புது அலுவலகத்தில் பைப்படி கிடையாது. தரை முழுவதும் வெள்ளை மாபிள். வாசலில் “பாதணிகளைத் துடைத்துவிட்டு உள்ளே வரவும்” என்று பலகை.

“சேர், தென்மராட்சியிலை ஒரு தோட்டம் அவசரமாய்ப் பாக்கவேணும். அரை நாள் காணும்.”

“கண்காட்சியைத் தலையிலை வைச்சுக்கொண்டு எங்கை மிஸ் போகப்போறியள்?”

“பிஞ்சு முழுக்கக் கொட்டுது சேர். அந்த மனிசன் உதை நம்பித்தான் நாட்டிலை நிக்குது.”

அவர் கணினியில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “கண்காட்சி முடியப் போங்கோவன். பூசணிக்காய் எங்கை ஓடப்போகுது?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேலதிகாரி பகிடி விட்டால் சிரிப்பதற்கென்றே ஒவ்வொரு அலுவலகத்திலும் சிலர் இருப்பார்கள். நான் திரும்பவும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் ஒத்திகை என்றார். அமைச்சில் இருந்து ஆட்கள் வருகிறார்களாம், ஒருவரும் அசையக்கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரெஜிபோர்ம் வத்தகப்பழத்தைக் காலால் மிதித்திருப்பேன். மிதிக்காமல் போய் விதைக்குக் கறுப்பு அடித்தேன்.

4. பரிசு

கண்காட்சிக்குக் கூட்டம் சேர்க்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பிரிவில் இருந்தும் பஸ்ஸில் விவசாயிகளை ஏற்றிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்துக்குப் போக எனக்கு வாகனம் இல்லை, தோட்டக்காரரைக் கைதட்டக் கூட்டிவர பஸ் இருந்தது. அதில் தவராசாவும் வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. மேடைக்கு முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் கதிரை போட்டு இருத்தினார்கள். என்னைக் கண்டதும் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே அந்தப் பிஞ்சுகள். நான் தோட்டத்துக்கு வரவில்லை என்று, அவர் தோட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்.

இறங்கிப் போய்ப் பார்க்க முடியவில்லை. மைக் கையில், முன்வரிசையில் பெரிய ஆட்கள், பக்கத்தில் பணிப்பாளர். வாழையைச் சொன்னேன், சிரித்தார்கள். மிளகாயைச் சொன்னேன், சிரித்தார்கள். அடுத்த அட்டையில் பூசணி இருந்தது.

“பனையிலை ஆண் பனை, பெண் பனை இருக்கெண்டு உங்களுக்கெல்லாம் தெரியும். பப்பாசியிலையும் தெரியும். பூசணியிலை?”

“ஒரே கொடியிலை ரெண்டும் இருக்கு மிஸ்!” என்று ஒரு பிள்ளை கத்தினாள்.

“கெட்டிக்காரி. ஒரே கொடியிலை ஆண் பூ வேறை, பெண் பூ வேறை. பெண் பூவுக்குக் கீழை குட்டிப் பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். அது காய்க்கவே காய்க்காது. அப்ப அந்தச் சோம்பேறிப் பூவைப் பிடுங்கி எறிஞ்சால் என்ன?”

அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது, சோம்பேறிப் பூ என்று. பணிப்பாளரின் பகிடி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“பிடுங்கினால் ஒரு பூசணிக்காயும் வராது! காலமை தேனீ வந்து, ஆண் பூவின்ரை மகரந்தத்தைக் கொண்டுபோய்ப் பெண் பூவிலை வைச்சால்தான் பிஞ்சு நிக்கும். இல்லாட்டில் மஞ்சளாகிச் சுருண்டு விழுந்திடும்.”

தவராசா கதிரையை விட்டு எழும்பினார்.

“மிஸ், திரும்பச் சொல்லுங்கோ.”

கூட்டம் அதற்கும் சிரித்தது. கேட்கிற விதம் அப்படி, பாடம் விளங்காத பிள்ளை எழும்பிக் கேட்பதுபோல. எனக்கு அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவர் போனில் சொன்னது விளங்கிவிட்டது. காலமை காலமை கொடி துப்புரவாக்கிறது.

“பிஞ்சில்லாத பூவை ஆய்ஞ்சால்… மற்றதும் காய்க்காதோ மிஸ்?”

“காய்க்காது” என்றேன். மைக்கில் அது மைதானம் முழுக்கக் கேட்டது.

பணிப்பாளர் மைக்கை வாங்கினார். “பாத்தீங்களோ, எங்கடை விவசாயி ஒருத்தர் எவ்வளவு ஆர்வமாய்க் கேக்கிறார்! அவருக்கு ஒரு பரிசு குடுப்பம்!” கைதட்டல். தவராசாவை மேடைக்கு ஏற்றினார்கள். பரிசு, ஒரு பைக்கற் பூசணி விதை. படம் பிடித்தார்கள். பெரியவர்களிடம் வாங்குவதுபோல அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். பிஞ்சுப் பை காலடியில் கிடந்தது.

மேடைக்குப் பின்னால் வைத்துத்தான் கதைக்க முடிந்தது.

“நானே ஆய்ஞ்சனான் மிஸ். விடியக்காலமை, பூ விரிய முந்தி. மனுசியும் வந்து ஆய்வா. அது கொடியின்ரை சத்தை உறிஞ்சுது எண்டு நினைச்சன். காய்க்காத ஆண் பப்பாசியை நாங்கள் தறிக்கிறதில்லையோ, அது போலத்தான் எண்டு. ஒரு பூ விடேல்லை மிஸ். ஆட்டுக்குப் போட்டம்.”

“இனி ஆயாதேங்கோ. கொடி இருக்குத்தானே, புதுப் பூ வரும்…”

“கொடியெல்லாம் முந்தநாள் இழுத்துப் போட்டிட்டன். கொம்பனிக்காரனுக்கும் வாறன் எண்டு சொல்லியாச்சு.” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “உதை எனக்கு முதலே ஒருக்காச் சொல்லியிருக்கலாம் மிஸ்.”

குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அந்தப் பகிடியை விட்டது பணிப்பாளர், நான் இல்லை, வர விடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டேன் என்றெல்லாம் அவருக்குச் சொல்லலாம். சொல்லி என்ன? தோட்டத்துக்குள் காலை வைத்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். கொடியில் ஆண் பூ ஒன்றும் இல்லை, அதெல்லாம் ஆட்டுக்கொட்டிலில் குவியலாய் இருக்கிறது. அதைப் பார்க்கப் படிப்பே தேவையில்லை. அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மனிதனுடைய வாழ்க்கைக்குத் தேவையாய் இருந்த செய்தியை, பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்த பலூனுக்கும் பென்சிலுக்கும் நடுவில் வைத்து, பகிடியாக, பிந்திச் சொன்னோம்.

எங்கள் மேடைக்குத்தான் சிறந்த மேடை என்று விருது கிடைத்தது.

5. கிணற்றடி

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் பிரியாவிடை. கேக் வெட்டுகிற மேசைக்கு மேலே, சுவரில், அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். பணிப்பாளர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். தவராசா விதைப் பைக்கற்றோடு நிற்கிறார். கீழே “அறிவால் உயர்ந்த விவசாயி” என்று எழுத்து. அவர் அப்போது கட்டாரில் கட்டடச் சாரத்தில் ஏறி நின்று சீமெந்து பூசிக்கொண்டிருந்தார். கேக்கைத் தட்டோடு மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை ஒரு நாள் காலமையோடு அவர் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் போக முகம் இருக்கவில்லை. கலா தேத்தண்ணி தந்தார். சின்னவள் என்னைப் பார்த்தும் கதவுக்குப் பின்னால் ஒளித்தாள்.

“அவர் ஒரு விதைப் பைக்கற் கொண்டுவந்து எறியச் சொன்னவர் மிஸ். எனக்கு மனம் வரேல்லை. கிணத்தடியிலை போட்டன். வடிவாய் ஓடுது, ஆனா உதுவும் பிஞ்சு கொட்டுது.”

கிணற்றடிக்குப் போனோம். கொடி செழிப்பாகப் படர்ந்திருந்தது. பக்கத்தில் கட்டியிருந்த ஆடு மஞ்சள் பூக்களை நறுக் நறுக்கென்று தின்றுகொண்டிருந்தது. கலா இன்னும் ஆண் பூக்களை ஆய்ந்து ஆட்டுக்குப் போடுகிறார். அந்த மனிதன் வீட்டில் ஒரு சொல் சொல்லாமல் போயிருக்கிறார். தன் கையால்தான், மனைவியின் கையாலும்தான், அந்தத் தோட்டம் போனது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நானும் சொல்ல நினைக்கவில்லை. ஆட்டுக்கு முன்னால் கிடந்த பூக்களில் வாடாத ஒன்றை எடுத்து, இதழைப் பிய்த்து, நடுத்தண்டைக் கொடியில் விரிந்திருந்த ஒரு பெண் பூவுக்குள் மெல்லத் தொட்டேன். கையில் மஞ்சள் தூள் ஒட்டியது.

“இனி இந்தப் பூவை ஆயாதேங்கோ, தேனீ வரட்டும். தேனீ இல்லாட்டில் உப்பிடித் தொட்டு விடுங்கோ. பிஞ்சு நிக்கும்.”

கலா என் கையையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்டிக்காரி. நான் மறைக்க நினைத்தது எல்லாம் அந்தப் பார்வையிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

“அப்ப… உவ்வளவுக்குத்தானோ மிஸ் அவர் போனவர்?”

ஓம் என்று சொன்னேன். கலா கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி, ஆட்டை அவிழ்த்துத் தூரக் கொண்டுபோய்க் கட்டினார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான். வாழை மரமில்லை, மிளகாய் பறவைக்கு உறைக்காது, எல்லாம் சொல்லுங்கள், சனம் சிரிக்கட்டும். ஆனால் எவருக்கு அது சிரிப்பு இல்லையோ அவரிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். உங்கள் போனில் ஒரு தோட்டக்காரரின் படம் வந்து கிடக்க, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் “பூசணிக்காய் எங்கை ஓடப்போகுது?” என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவர்களோடு சேர்ந்து சிரிக்காதீர்கள். “கட்டாருக்கு ஓடும் சேர்” என்று சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கள்.